கஞ்சி நூல் மெத்தை

ஆக்கர் கடையில, அதான் பழைய இரும்புக் கடையில, கெடக்குத சாமான வச்சு விளையாட்டுச் சாமான் செய்யுத தொழில்ல எனக்குக் கெடச்ச ஒரே அறிவு, டி.டி. ஊசிய எந்தக் கையில போட்டா மறுநாள் பரீட்சை எழுத முடியும்னு தெரிஞ்சுக்கிட்டதுதான்.

என் பேரு எஸ்தர். சங்கரன்கோவில்ல காலேஜ் ரெண்டாம் வருசம், பிசிக்ஸ் படிக்கேன். எங்கய்யா தறி ஓட்டுதாவ. வீட்டுக்குப் பொறத்தால ஒரு தகரக் கொட்டாய் இருக்கு. அங்கன வச்சு நானும் சுடலைமணி அண்ணனும் தடை ஓட்டத்துக்குத் தடை, வாலிபால் போஸ்ட், வெயிட்டு, உயரம் தாண்டுத ஸ்டாண்டு எல்லாம் செஞ்சு குடுக்கோம். சுடலை அண்ணனுக்குப் பகல்ல வெல்டிங் பட்டறையில வேலை, சாயங்காலம் இங்கன. அவரு பேசவே மாட்டாரு. அவரு பேசாத பேச்சையும் சேத்து நானே பேசிருவேன்.

பி.டி. பீரியடுன்னா “போயி வேப்ப மரத்தடியில உக்காருங்க, சத்தம் வரக்கூடாது”ன்னு கேட்டே வளந்தவிய எல்லாரும் நம்ம ஆளுகதான். உங்களுக்குத்தான் இத எழுதுதேன். ஸ்போர்ட்ஸ் ரூம் சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரியுதவியளும் படிக்கலாம். கோவம் வந்தா வரட்டும்.

பெஞ்சு

நான் பதினொண்ணு படிக்கையில தடை ஓட்டம் ஓடுவேன். எங்க பள்ளிக்கூடத்துல தடை கெடையாது. பழைய பெஞ்சுகள வரிசையாப் போட்டு அதத் தாண்டச் சொல்லுவாவ. தடைக்கும் பெஞ்சுக்கும் வித்தியாசம் என்னன்னா, தடையத் தட்டுனா தடை விழும், பெஞ்சத் தட்டுனா நாம விழுவோம். மொழங்காலுக்குக் கீழ தோலு உரிஞ்சு நான் வீட்டுக்கு வந்தத எங்கம்மா பாத்துட்டு, அந்தப் பெஞ்சச் செஞ்ச ஆசாரியில இருந்து அத வாங்குன சர்க்கார் வரைக்கும் ஒருத்தரையும் விடாம ஏசுனா. இந்த வாய் எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு இப்பம் தெரிஞ்சிருக்கும்லா.

காலேஜ் சேந்த பொறவு மொத வேலையா, வீடு இடிச்ச எடத்துல கெடந்த பிவிசி பைப்ப அறுத்து, அடியில செங்கலக் கட்டி, தட்டுனா முன்னால சாயுத மாதிரி தடை செஞ்சோம். அதத் தூக்கிட்டுப் போயி எங்க பழைய பி.டி. டீச்சர்ட்ட காமிச்சேன். அவிய ஒண்ண லேசாத் தட்டிப் பாத்தாவ. அது பைய சாஞ்சுது. நிமித்தி வச்சு இன்னொருக்கத் தட்டுனாவ. மறுபடியும் சாஞ்சுது. மொகத்துல ஒரு திருப்தியும் இல்ல.

“தட்டுனா விழுந்துரும்னு தெரிஞ்சா பிள்ளையளுக்குப் பயம் எப்படிம்மா வரும்?”

பெயின்ட் வாளி

பழைய நூல் குடோன்ல ஜிம்மு வச்சிருக்காரு முருகேசன் அண்ணாச்சி. அவருக்கு வெயிட்டு வேணும்னாரு. காலி பெயின்ட் வாளியில சிமெண்டும் ஜல்லியும் இரும்புத் துண்டும் போட்டு, நடுவுல ஒரு பைப்ப நட்டு வார்த்தோம். ஜீப்புல இருந்து கழட்டுன ஒரு கம்பியில ரெண்டு பக்கமும் மாட்டிக்கிடலாம். “சிமெண்டு இறுகணும் அண்ணாச்சி, தெனம் தண்ணி ஊத்துங்க, நான் சொல்லுத வரைக்கும் தொடாதிய”ன்னு சொன்னேன். சரின்னு தலைய ஆட்டுனாரு. ஆணழகன் போட்டிக்கு ஆளத் தயார் பண்ணுத அவசரம் அவருக்கு. எங்கிட்ட தலைய ஆட்டிட்டு, மறுநாளே வாளிய வெட்டி எடுத்துத் தூக்கிட்டாரு.

தலைக்கு மேல போயிட்டு எறங்கையில ஒரு பக்கம் பொட்டுன்னு பொளந்து பாதத்துல விழுந்துட்டு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருந்தாரு. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன். போன ஒடனே சண்டைதான். “பச்சச் சிமெண்டத் தூக்குவாவளா, அறிவு வேண்டாமா”ன்னு கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரவிய எல்லாம் எந்திரிச்சு உக்காந்து பாத்தாவ. அவரு மட்டும் சாந்தமா இருந்தாரு.

“காலு எப்படியும் சரியாயிரும் தங்கச்சி. அந்த வெயிட்ட ஒட்ட வச்சுத் தர முடியுமா?”

திரும்பி வந்த போஸ்ட்

பனவடலிசத்திரம் பக்கத்துல ஒரு ஊரு. அங்கன உள்ள பையங்க வாலிபால் போஸ்ட் கேட்டாவ. தூந்துபோன போர்வெல்ல இருந்து உருவுன குழாய ஆக்கர் கடையில எடுத்து, சுடலை அண்ணன் கொக்கி எல்லாம் வெல்டு வச்சு, நாங்க ரெண்டு பேருமே போயி நட்டுக் குடுத்துட்டு வந்தோம். மறுநாளு காலையிலயே லோடு ஆட்டோ ஒண்ணு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுது. மேல எங்க போஸ்ட். குழி தோண்டுன ஈர மண்ணு இன்னும் அடியில ஒட்டியிருக்கு. கூட வந்த பையன், போஸ்ட்ல ஒரு குத்தமும் இல்ல, பக்கத்துத் தெருப் பயலுவ சாயங்காலம் வந்து ஆடிட்டானுவ, இனி அங்கன நாங்க ஆடுனா வீட்ல சேக்க மாட்டாவன்னு சொல்லுதான். மழை வரும்னு சொல்லுத மாதிரி சொல்லுதான்.

எனக்கு உச்சி கொதிச்சிட்டு. “ஏலே, அத வெல்டு வச்ச கை எந்தத் தெருக் கைன்னு விசாரிச்சியளாலே நடுததுக்கு முந்தி?”ன்னு கேட்டேன். சுடலை அண்ணன் என் பக்கத்துலதான் நிக்காரு. அந்தப் பையன் அவரப் பாத்தான், பொறவு தன் செருப்பப் பாத்தான். நான் இன்னும் கேக்க வாயத் தொறந்தேன். சுடலை அண்ணன் ஆட்டோவுக்குப் பின்னால போயி ஒரு நுனியப் புடிச்சுக்கிட்டாரு.

“பைய எறக்குங்க தம்பி. ஈரத் தரையில போடாதிய, துரு ஏறிரும்.”

படல்

அந்தப் போஸ்ட்ட நடப் போன அன்னைக்குத்தான் மாரிச்செல்வியப் பாத்தது. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டுக் கிடை. சுத்தி விளாருக் குச்சியால பின்னுன படல் நட்டிருக்கு. ஒரு பிள்ளை பள்ளிக்கூடப் பாவாடையோட கையில வேப்பங்கொழைய வச்சுக்கிட்டு ஓடி வந்தா. படலத் தொறக்கல, அவுக்கல. ஒரே தாண்டு. உள்ள போயி கொழையப் போட்டுட்டு, அதே மாதிரி வெளிய வந்தா. சுடலை அண்ணன் குழி தோண்டுதத நிப்பாட்டிட்டு, டேப்ப எடுத்துட்டுப் போயி அந்தப் படல அளந்தாரு. திரும்பி வந்து எங்கிட்ட டேப்பக் காமிச்சாரு. நான் காலேஜ்ல பாத்த பொம்பளப் பிள்ளைய ஒருத்தியும் அம்புட்டுத் தாண்டுனதில்ல.

பதினொண்ணு படிக்கா. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குச் செலக்‌ஷன் வருது. அதுல எடுத்துட்டா தங்க எடமும் சோறும் படிப்பும் அவிய பொறுப்பு. ஆனா அங்கன வார பிள்ளைய எல்லாம் மல்லாக்கப் பொரண்டு, முதுகு அடியில வர்ற மாதிரித் தாண்டும். இவளுக்குத் தெரிஞ்சது ஆட்டுக் கிடை தாண்டுதது, காலக் கத்திரி மாதிரி வீசி, கால்லயே விழுதது. மல்லாக்கத் தாண்டிப் பழகணும்னா கீழ மெத்தை வேணும். மணல்ல முதுகு போயி விழுந்தா கழுத்து ஒடையும். அவங்கய்யா சண்முகையாட்ட இதெல்லாம் சொன்னேன். அவரு ஆட்டுக்குட்டிக்கு உண்ணி எடுத்துக்கிட்டே சொன்னாரு.

“செலக்ட் ஆனா படிக்கட்டும்மா, நான் தடுக்கல. ஆவலன்னா தை மாசம் நூல் மில்லுக்கு ஆளெடுக்க வேன் வரும், ஏத்தி விட்ருவேன். அவளுக்குக் கீழ ரெண்டு கெடக்கு.”

பிரிக்காத மெத்தை

மாரிச்செல்வி படிக்குத பள்ளிக்கூடத்துல மெத்தை இருக்கு. நெசமான மெத்தை. ஸ்பாஞ்சு வச்சது, நீலக் கலரு, ரெண்டு ஆளு படுத்து உருளலாம். ஸ்போர்ட்ஸ் ரூம் ஜன்னல் வழியா நானே பாத்தேன். வந்து எறங்குனப்ப சுத்தியிருந்த பிளாஸ்டிக் தாளு அப்படியே இருக்கு. அது மேல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு. அந்தப் பூனைக்குக் கெடச்ச சுகம் அந்தப் பள்ளிக்கூடத்துல வேற எந்தச் சீவனுக்கும் கெடைக்கல.

ஹெட்மாஸ்டர்ட்ட போனேன். மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன். “சார், செலக்‌ஷன் வரைக்கும் மட்டும் மெத்தைய வெளிய எடுத்துப் போட்டா அந்தப் பிள்ளை பழகிக்கிடும்”ன்னேன். கிழிஞ்சா யாரு பதில் சொல்லன்னாரு. தாண்டுததுக்குத்தான சார் குடுத்திருக்காவன்னேன். நீ எந்தக் காலேஜ்னாரு. காலேஜச் சொன்னா மெத்தை வெளிய வருமான்னு கேட்டேன். அதோட மரியாதை முடிஞ்சிட்டு. வெளிய போம்மான்னு கையக் காமிச்சவரு, நான் வாசலுக்கு வந்த பொறவு, பாவம், வெளக்கமும் குடுத்தாரு.

“இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரவிய பாக்கையில புதுசா இருக்கணும்லா. ஒருக்கப் பிரிச்சுட்டா அது பழசுதான.”

ஊடைக் கழிவு

சரி, மெத்தையும் நாமளே செய்வோம்னு எறங்குனோம். எங்க ஊர்ல பஞ்சுக்கும் நூலுக்கும் என்ன பஞ்சம். ஒவ்வொரு தறிக் குடோன்லயும் கழிவு நூலு மூலையில குமிஞ்சு கெடக்கும். ஆனா அதுலயும் ரெண்டு உண்டு. தறியில நீளவாக்குல ஓடுதது பாவு. அது அறுந்துரக் கூடாதுன்னு கஞ்சி போட்டு வெறப்பாக்கியிருப்பாவ. குறுக்க ஓடுதது ஊடை. அதுல கஞ்சி கெடையாது, தொட்டா பூ மாதிரி இருக்கும். பாவுக் கழிவு காஞ்சு கெடக்கையில அதுவும் மெத்துன்னுதான் இருக்கும், தண்ணி பட்டுக் காஞ்சா கஞ்சி இறுகிரும். தறிச் சத்தத்துல தூங்கி வளந்த எங்க ஊர்ப் பிள்ளைய எல்லாத்துக்கும் இது தெரியும். அதனால ஊடைக் கழிவு மட்டுமாப் பொறுக்கி, சாக்குச் சாக்காத் தச்சு, அடுக்கிக் கட்டி ஒரு மெத்தை செஞ்சோம். சின்னதுதான். ஆனா மேல விழுந்தா வாங்கிக்கிடும்.

அவ ஊரு கிரவுண்டுக்கு நாங்க போக முடியாது, போஸ்ட் கதைதான் தெரியும்லா. பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுலயே போட்டுக்கிடுங்கன்னு மாரிச்செல்வியோட பி.டி. சாரு சொன்னாரு. அவரு கெட்டவரு இல்ல, யாரு கடைசியாப் பேசுதாவளோ அவிய பேச்சக் கேப்பாரு. மொத நாளு மாரிச்செல்வி பயந்து பயந்து ஓடி வந்து, நின்னுட்டா. மறுபடியும் ஓடி வந்து, நின்னுட்டா. “விழுட்டி, நான் ஏறி விழுந்து பாத்துட்டேன், சாவல”ன்னேன். மூணாவது மட்டம் கண்ண மூடிக்கிட்டு மல்லாக்கப் பொரண்டு விழுந்தா. விழுந்தவ எந்திரிக்கல. நான் பதறிட்டு ஓடுனேன். படுத்துக்கிட்டுச் சிரிக்கா.

“மேல ஒண்ணுமே இல்லக்கா, வானந்தான் இருக்கு.”

தலைவரு குடுத்த நூலு

அவ தாண்டுத உசரம் ஏறிக்கிட்டே போச்சு. செலக்‌ஷன்ல எடுத்துருவாவன்னு பி.டி. சாரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. அது போயி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரு காதுல விழுந்துட்டு. அவரு பெரிய தறி மொதலாளி. பிள்ளை ஜெயிக்கப்போகுதுன்னா போட்டோவுல தானும் நிக்கணும்லா. மெத்தைய வந்து பாத்தாரு. இம்புட்டுச் சின்னதா இருந்தா நம்ம பேரு போடுததுக்கு அசிங்கமா இருக்காதாவேன்னு பி.டி. சார்ட்ட கேட்டாரு. மறுநாளு ஒரு குட்டியானை வண்டி நெறையக் கழிவு நூலும், அவரு மூஞ்சி போட்ட பிளக்ஸ் ஒண்ணும் வந்து எறங்குச்சு. பிளக்ஸ்ல மெத்தைய விட அவரு பெருசு.

நான் நூலக் கையில எடுத்தேன். நகத்தால சொரண்டுனா வெள்ளையா பொடி உதுருது. பாவு. முழுக்கப் பாவு. “இதுல கஞ்சி இருக்கு, மழை பட்டா பலகையாயிரும், வேண்டாம்”ன்னேன். பி.டி. சாரு என் காலப் புடிக்காத கொறை, பேசாம இரு எஸ்தருன்னு கண்ணக் காட்டுதாரு. கூட வந்து நின்ன தலைவருக்கு மட்டும் தெரியாதா. அவரு குடோன்லதான் கஞ்சி காய்ச்சுதாவ. ஆனா குடுத்தத வேண்டாம்னு ஒரு பொட்டப்பிள்ளை எல்லார் முன்னாலயும் சொன்ன பொறவு, அந்த நூலு மெத்தைக்குள்ள போகாம விடுவாரா. அவரு ஆளுகளே எங்க சாக்க அடுக்குல இருந்து எடுத்து, பாவுச் சாக்க அடியில கனமாப் போட்டு, எங்க ஊடைச் சாக்க மேல ஒரு அடுக்கு மட்டும் பரப்பித் தச்சானுவ. நான் விடாம பின்னாலயே போயி கத்துனேன். அவரு கார்ல ஏறுததுக்கு முந்தி ஒருக்கத் திரும்புனாரு.

“எனக்கே தறியப் பத்திச் சொல்லித் தாரியாட்டி?”

மழை

அந்த வாரமே மழை. மெத்தை கிரவுண்டுல கெடக்கு. மொத மேகம் கறுக்கையிலயே நான் பி.டி. சாருக்குப் போன் போட்டேன். உள்ள இழுத்துப் போடுங்க சார்னேன். ஸ்போர்ட்ஸ் ரூம்ல எடம் இல்லன்னாரு. ஏன் இல்ல, அங்கனதான் பிரிக்காத மெத்தை படுத்திருக்கே. வராண்டாவுல போடுங்கன்னேன். ரெண்டாளு தூக்குத கனமா அது இப்பம், நாலு பேரு வேணும், எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சுன்னாரு. சரி, அந்தப் பிளக்ஸயாவது அவுத்து மேல மூடுங்க சார், தண்ணி எறங்காதுன்னேன். போன்ல, அந்தப் பக்கம் தகரத்துல மழை விழுதது கேக்கு.

“அத அவுத்துக் கீழ விரிச்சா தலைவரு மூஞ்சி மேல நாயி படுத்துரும்மா. யாராவது போய்ச் சொன்னா எனக்குல்லா ஆபத்து.”

கம்பு

மழை விட்டு நல்லா வெயிலடிச்சுது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல போகையிலயே புளிச்ச கஞ்சி வாடை. ரெண்டு மாடு மெத்தைய நக்கிட்டு நிக்கி. வெரட்டிட்டு மேல கையால அமுக்கிப் பாத்தேன். எங்க ஊடைச் சாக்கு காஞ்சு மெத்துன்னுதான் இருந்துச்சு. கைய இன்னும் அழுத்துனா அடியில திண்ணுன்னு நிக்கி. மாரிச்செல்விட்ட சொன்னேன்: “நாளைக்குச் சுடலை அண்ணன் வந்து பிரிச்சு அடுக்க மாத்துவாரு. அதுவரைக்கும் இதுல விழக்கூடாது, கேட்டியா.” பி.டி. சார்ட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் சரின்னாவ. மறுநாளு நாங்க பஸ்ஸு கெடச்சு வந்து சேருததுக்குள்ள, செலக்‌ஷனுக்கு நாளு இல்லயே, ஒரே ஒரு மட்டம் தாண்டிக் காட்டுன்னு பி.டி. சாரு சொல்லியிருக்காரு. அவளும் மேலாக்கக் கையால அமுக்கிப் பாத்திருக்கா. மெத்துன்னுதான இருக்கு.

நாங்க கேட்டுக்குள்ள நுழையையில எல்லாரும் கூடி நிக்காவ. மெத்தையில ஒரு பக்கமாக் கெடக்கா. வலது கை மொழங்கையில திரும்பாத பக்கம் திரும்பியிருக்கு. சுடலை அண்ணன் சாக்கக் கிழிச்சு உள்ள கைய விட்டாரு. நூலு வரல. கொட்டாய்க்கு மேயுத சிமெண்டு அட்டை மாதிரி ஒரு துண்டு ஒடஞ்சு வந்துச்சு. அதக் கீழ போட்டாரு. டொக்குன்னு கேட்டுது. நான் அவ தலைய மடியில தூக்கி வச்சேன். எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டா.

“அக்கா, கம்பு விழலலா?”

சைக்கிளு

விழல. நான் பாத்தேன். குறுக்குக் கம்பு ஸ்டாண்டுல அப்படியே நின்னுது.

ஆஸ்பத்திரியில பி.டி. சாரு எங்களுக்கு முந்தியே வந்து நிக்காரு. எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு, கம்பி வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாவ. சண்முகையா ஆட்ட யாருட்டயோ விட்டுட்டு, கையில கம்போட அப்படியே வந்திருந்தாரு. பி.டி. சாரு அவர ஓரமாக் கூட்டிட்டுப் போனாரு. நான் விடுவேனா, பின்னாலயே போனேன். பள்ளிக்கூடத்துல விழுந்தான்னு சொன்னா விசாரணை அது இதுன்னு ஆயிரும், பிள்ளை படிப்புக்குத்தான் எடஞ்சலு, வார வழியில சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லிருங்க, தலைவரும் பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காருன்னு சொல்லுதாரு. “வே, வாய் கூசலயா உமக்கு”ன்னு நான் கேட்ட கேள்விக்கு நர்ஸம்மா வந்து என்ன வெளிய போகச் சொன்னாவ. நான் போகல. சண்முகையா அந்தச் சாரு சொன்னத எல்லாம் பொறுமையாக் கேட்டாரு. அவருக்கு வந்தது கோவம் இல்ல, சந்தேகம்.

“எங்ககிட்ட சைக்கிளே கெடையாதே சார்.”

செலக்‌ஷன்

சைக்கிள்ல விழுந்தான்னுதான் ஆச்சு. யாருட்டயோ ஒரு சைக்கிள இரவல் வாங்கிக் கொண்டாந்து அவ வீட்டு முன்னால நிப்பாட்டிட்டாவ. மெத்தையப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போட்டுக் கொளுத்திட்டாவ. கஞ்சி நூலு லேசுல எரியாது, ரெண்டு நாளு பொகஞ்சுக்கிட்டே கெடந்துச்சாம். ஆக்கர் சாமான வச்சு வேலை செய்யுத அந்தக் காலேஜ்காரிய உள்ள விட்டதுதான் தப்புன்னு ஹெட்மாஸ்டர் சொன்னதா எனக்குச் சேதி வந்துச்சு. நான் எழுதிப் போட்ட புகாருக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்ல.

செலக்‌ஷன் அன்னைக்கு, மாவுக்கட்டோட அவளக் கூட்டிட்டு நானும் சுடலை அண்ணனும் போனோம். போட்டிக்கு இல்ல. அவ தாண்டுத வீடியோ என் போன்ல இருந்துச்சு. அதக் காமிச்சு, கை சரியான பொறவு ஒரு வாய்ப்புக் குடுங்கன்னு கேக்கப் போனோம். அங்கன மெத்தை போட்டிருந்தாவ. அம்மாடி, அம்புட்டு மெத்தை. பிள்ளைய ஒண்ணொண்ணா வந்து மல்லாக்க விழுந்து விழுந்து எந்திரிக்கி. மாரிச்செல்வி கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஒவ்வொருத்தியையும் பாத்தா. அதுல ஜெயிச்ச பிள்ளை தாண்டுன உசரம், இவ போன மாசமே தாண்டுனது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாக்காலியில உக்காந்திருந்த சாரு வீடியோவ முழுசாப் பாத்தாரு. நல்லாத்தான் தாண்டுதுன்னாரு. வயசக் கேட்டாரு. அடுத்த வருசம் வயசு தாண்டிரும், இதான் கடைசின்னாரு. நான் குரல ஒசத்துனேன். அவருக்கு என்னப் பாத்தா பாவமா இருந்திருக்கும்போல.

“கை ஒடஞ்ச பிள்ளையக் கூட்டிட்டு வந்து எங்கிட்டச் சண்டை போட்டா நான் என்னம்மா செய்யட்டும், கயித்த விட்டுத் தள்ளி நில்லு.”

வேனு

தை பொறந்துச்சு. வேன் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்குக் காலையிலேயே பஸ்ஸேறி அவ ஊருக்குப் போயிட்டேன். சண்முகையாட்ட போயி, என்ன மனுசன்யா நீரு, அவ தோத்தாளா, ஒடச்சுல்லா விட்டானுவன்னு கேட்டேன். அவரு கிடையப் பாக்கக் கையக் காட்டுனாரு. கிடையில இருந்த ஆட்டுல பாதியக் காணும். தலைவரு சொன்னது வாயோட சரி, கம்பி வச்ச செலவுக்கு இவருதான் வித்திருக்காரு. அதுக்கு மேல அவர்ட்ட என்ன சண்டை போட. மில்லு ஆளு வந்து வண்டியில இருந்து எறங்குனான். இன்னும் ஒரு நம்பிக்கை எனக்கு இருந்துச்சு. கட்டுப் பிரிச்ச பொறவும் மாரிச்செல்விக்குக் கை முழுசா நீளல, மொழங்கையில மடங்கியே நிக்கி. நானே போயி அவன்ட்ட சொன்னேன்: “இவளுக்குக் கை வராது, கூட்டிட்டுப் போயி பிரயோசனம் இல்ல.” தூக்கும்மான்னு அவகிட்டச் சொன்னான். தூக்குனா. விரல மடக்கி விரிச்சுக் காட்டச் சொன்னான். காட்டுனா. அறுந்த நூல முடியுததுக்கு இம்புட்டு நீண்டா போதும்னுட்டான்.

பையத் தூக்கிட்டு வந்தா. நான் வேன் படியில குறுக்க நின்னேன். “வர மாட்டேன்னு சொல்லுட்டி. ஒரு வார்த்தை சொல்லு. மீதிய நான் பேசுதேன். எவன் வந்து ஏத்துதான்னு பாப்போம்”ன்னேன். வேனுக்குள்ள ஏற்கெனவே ஏறியிருந்த பிள்ளைய எல்லாம் எங்களையே பாக்கி. மாரிச்செல்விக்கு என் மேல கோவம் வந்து நான் பாத்ததே இல்ல. அன்னைக்கும் அவ சத்தம் போடல. நல்லா இருக்குத கையால என்ன மெதுவா ஒதுக்கி விட்டா.

“நீ சண்டை போட்டுட்டுச் சாயங்கால பஸ்ஸுல ஏறிருவக்கா. அதுக்குப் பொறவு இங்கன கெடக்கப்போறது நானு.”

ஆக, ஒரு பிள்ளைய உசரத் தாண்ட வச்சுருவோம்னு நானும் சுடலை அண்ணனும் எறங்குன இந்த வேலையில இன்னைக்கு வரைக்கும் உசந்தது என் சத்தம் மட்டும்தான்.